ஒரு வருஷத்துக்கான விரிப்புகள்

நவம்பர் 30, ஞாயிறு

இன்று என் லுங்கியை நானே மெஷினில் வைத்துத் தைத்துவிட்டேன். லுங்கி தைப்பது பெரிய விஷயமில்லை. அந்த நேரத்தில் லுங்கிக்குள் நான் இருந்தேன்.

முப்பத்தைந்து வருஷமாக லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிறவன் நான். திருச்சி பைபாஸில் என் ஷெட்டைக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கதி. கிறிஸ்மஸுக்காக வீட்டில் துண்டுத்துணிகளை ஒட்டி விரிப்பு தைக்கிறார்கள், என் மனைவி பிலோமினாவும் மகள் விண்ணரசியும். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் பழைய வேட்டி. இந்த மூன்று அடுக்கையும் பிலோமினாவின் மிதிமெஷின் தாங்கவில்லை. இரண்டு ஊசி முறிந்தது. "தள்ளு, தொழிலாளி வர்றான்" என்று ஷெட்டிலிருந்து பழைய மெஷினைத் தூக்கிவந்து ஹாலில் போட்டு உட்கார்ந்தேன். மடியில் கிடந்த துணியோடு லுங்கி மடிப்பும் ஊசிக்கடியில் போயிருக்கிறது. லாரி சீட்டுக்குப் போடும் நைலான் நூல். ஒரு சாண் நீளம்.

அதைக் கவனித்த அதே நேரத்தில் வாசலில் சிஸ்டர் கிளாரட். சேலம் பக்கத்து மடத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர். பிலோமினா ஓடிப்போய், "தோத்திரம் சிஸ்டர், வாங்க" என்றாள். அரசி எழுந்து நின்றாள். நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

"பரவால்ல, நீங்க எந்திரிக்காதீங்க" என்றார் சிஸ்டர். நான் எழுந்திருக்கப் போவதாக அவர் நினைத்ததே பெரிய மனசு. அரைமணி நேரம் பேசினார். மெஷின் சக்கரத்தைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போகும்போது ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பா கொஞ்சம் வருத்தமா இருக்காரு போல" என்று பிலோமினாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் தெரு திரும்பியதும் பிலோமினா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரசிதான் பிளேடு வைத்துத் தையலைப் பிரித்துவிட்டாள்.

"இதையெல்லாம் எழுதி வைக்கணும்ப்பா" என்றாள். டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஜனவரி ஒன்றாம் தேதி, 'இன்று முதல் தினமும் எழுத வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்திலிருந்து நேற்று வரை வெள்ளைத்தாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

அந்தக் காகிதத்தைப் படித்தேன். பெற்றோர் சம்மதக் கடிதம். 'எங்கள் மகள் விண்ணரசி தன் சொந்த விருப்பத்தின் பேரில் துறவறப் பயிற்சியில் சேர எங்களுக்கு முழுச் சம்மதம்.' கீழே தாய், தந்தை என்று இரண்டு கோடு. தாய்க்கு நேரே பிலோமினா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். ஜனவரி ஐந்து, சேரும் நாள்.

அரசிக்கு இருபத்துமூன்று. பி.காம். முடித்து இரண்டு வருஷம் மருந்துக்கடையில் பில் போட்டாள். ஒரே பிள்ளை. போன வருஷமே சொல்லிவிட்டாள், கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று. எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. சந்தோஷம்தான். கையெழுத்துப் போடத்தான் உட்கார்ந்தேன். பேனா எழுதவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றும் மடத்திலிருந்து வந்திருக்கிறது. தட்டு, டம்ளர், வாளி, போர்வை. உடைகள் வெளிர் நிறம், பூப்போடாதது. அரசியிடம் அப்படி இரண்டுதான் தேறும். மற்றதெல்லாம் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம். 'டிராபிக் சிக்னல்' என்று நான்தான் அவளைக் கூப்பிடுவேன்.

எப்போதும் கிறிஸ்மஸுக்கு ஒரு விரிப்போ நட்சத்திரமோ, ஏதோ ஒன்று தைப்பார்கள். அந்த வருஷத்துப் புதுத்துணியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து. இந்த வருஷம் மிஞ்சிய துண்டு இல்லை. நல்ல சுடிதாரையே வெட்டுகிறார்கள். போன ஈஸ்டருக்கு எடுத்தது, ஒரு நூல் போகவில்லை.

"யாருக்காச்சும் குடுத்துரலாம்ல?" என்றேன்.

"குடுக்கவும் குடுக்குறோம். இது வீட்டுக்கு" என்றாள் அரசி. கத்தரிக்கோல் நிற்கவே இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. காலண்டர் அட்டையில் நான்கு விரல் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்து சாக்பீஸால் கோடு போட்டுத் துண்டு போடுகிறேன். அரசி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை சொல்கிறாள். அவள் இதைக் குயில்ட் என்கிறாள். நான் சீட் கவர் என்கிறேன். அடுக்கு நகராமல் குறுக்கே குறுக்கே ஓட்டும் தையலுக்கு எங்கள் தொழிலில் டைமண்ட் தையல் என்று பெயர். வீடியோவில் வரும் வெள்ளைக்காரம்மாவுக்கு அது தெரியாது. நான் தைத்துக் காட்டினேன்.

பிலோமினா விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. டிரைவர் எப்ப வந்து ஒக்காருவாரு?"

டிசம்பர் 7, ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுக்கும் ஏற்றுவதில் இரண்டாம் ஞாயிறு மெழுகுவர்த்தி ஏற்றினோம். கிறிஸ்மஸ் குடிலுக்கு அடியில் விரிக்கும் துணி முடிந்தது. பிலோமினா கடிதத்தை எடுத்து டிவி மேல் வைத்திருக்கிறாள், நான் பார்க்கும் இடத்தில்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று வேறொன்று தெரியவந்தது. கிறிஸ்மஸுக்கு வேண்டிய விரிப்புகள் மூன்றும் தயார், மெஷினை ஷெட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன்.

"இருங்கப்பா, இன்னும் பொங்கல் இருக்கு" என்றாள் அரசி.

"பொங்கலுக்கு என்ன?"

"வாசல்ல மாட்ட ஒரு தோரணம். அப்புறம் தவக்காலத்துக்கு மாதா ஸ்டாண்டுக்கு ஊதா. ஈஸ்டருக்கு மஞ்சளும் வெள்ளையும். மே மாசம் தெருக்காரங்க ஜெபமாலை சொல்ல நம்ம வீட்டுக்கு வரும்போது நீலம். செப்டம்பர்ல அம்மா வேளாங்கண்ணி போக ஒரு காவிப் பை. தீபாவளிக்கு ராஜி அக்கா பலகாரம் குடுத்தா, தட்டைத் திருப்பிக் குடுக்க மூடுதுணி வேணாமா?"

ராஜி அக்கா பக்கத்து வீடு. பலகாரத் தட்டை நான் வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுத்துப் பதினைந்து வருஷம் ஏச்சு வாங்குகிறேன்.

"அதுக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்? அப்பப்ப தச்சுக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. பிலோமினா என்னைப் பார்த்தாள். அரசி ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஏற்கெனவே கோத்த ஊசி அது.

மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். நன்றாக ஓடுகிறது.

டிசம்பர் 11, வியாழன்

சூசை மச்சான் வந்திருந்தார். பிலோமினாவின் அண்ணன், கோயில் பங்குப் பேரவையில் இருக்கிறார். எந்த விசேஷத்திலும் மைக் அவர் கையில்தான் இருக்கும்.

"மாப்ள, நாலாந்தேதி வழியனுப்பு விழாவைப் பெருசா வச்சிருவோம். நம்ம குடும்பத்துல மொதல் சிஸ்டர். பேண்டு சொல்லியாச்சு. பொன்னாடை, மாலை, தெருமுக்குல இருவதடி பிளக்ஸு. புள்ள போட்டோ நடுவுல. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்."

"நீங்க எதுக்கு மச்சான்?"

"தாய்மாமன்யா!"

"பிளக்ஸ் வேணாம் மச்சான். பேண்டும் வேணாம். வீட்ல ஒரு ஜெபமாலை சொல்லி டீ குடுத்தாப் போதும்."

அவருக்குச் சுருக்கென்றது. "செலவ நான் ஏத்துக்குறேன்யா." செலவுக்கு இல்லை என்றேன். "பின்ன எதுக்கு?" என்றார். தொண்டையைச் செருமினேன். அது பதிலாகாது.

போகிறபோது சிரித்துக்கொண்டே, "நீயும் சாமியாருக்குப் படிக்கப் போனவன்தானே. அந்த டைபாய்டு மட்டும் வரலைன்னா இன்னிக்கு என் தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை. ஒனக்கு நானே பிளக்ஸ் வச்சிருப்பேன்" என்றார்.

"அப்பா, நீங்க குருமடத்துல எத்தனை நாள் இருந்தீங்க?" என்று, அப்போதுதான் உள்ளே வந்த அரசி கேட்டாள்.

"நாப்பத்தொரு நாள். பருப்புல உப்பு இருக்காது. அப்புறம் டைபாய்டு" என்றேன். பத்தாவது முடித்ததும் போனது, எல்லாருக்கும் தெரிந்த கதை.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் குடிலுக்குப் புல் வேண்டும் என்று தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தோம். பத்து நாளில் வளர்ந்து நின்றுவிடும். போன வருஷம் நான் தண்ணீரை மறந்து, பெத்லகேம் பாலைவனமாகிவிட்டது. இந்த வருஷம் தட்டு பிலோமினா பொறுப்பில்.

மதியம் மாம்பழ மஞ்சள் சுடிதார் வெட்டுக்கு வந்தது. மருந்துக்கடை முதல் சம்பளத்தில் அவளே எடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்து எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். லாரி டிரைவர்கள் எல்லாரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

"இது ஆகாது. இந்தத் துணியில ஊசி ஏறாது" என்றேன்.

"காட்டன்தானேப்பா?"

"காட்டன்லயே இது வேற ரகம். இழுவை சரியில்ல. தொழிலாளி சொல்றேன், கேளு."

கேட்டுக்கொண்டாள். அதை மடித்து ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். ஈஸ்டர் விரிப்புக்கு வேறு மஞ்சள் துணி கடையில் வாங்கிவந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

"கண்ணாடியக் காணோம், கையெழுத்த நாளைக்குப் போடுறேன்" என்றேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது. பிலோமினா அதை எடுத்து மூக்கில் போட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 18, வியாழன்

ஷெட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த பிலோமினா சுத்தியல் எடுக்க டூல்ஸ் பெட்டியைத் திறந்திருக்கிறாள். நியூஸ்பேப்பரில் சுற்றிய மஞ்சள் சுடிதார்.

"ஏங்க, இது என்ன?"

"கைதொடைக்க."

"கைதொடைக்க அயர்ன் பண்ணியா வச்சிருக்கீங்க?"

நான் ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் துணியைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து எடுத்துப்போய்விட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தேன். பீரோவில் அவள் கல்யாணச் சேலைக்கு அடியில் மஞ்சள் ஓரம் தெரிந்தது. சாவியை எப்போதும்போல் இடுப்பில் செருகியிருந்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

பலகாரம் சுடும் நாள். அச்சு முறுக்கு என் வேலை. அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு ஆட்டினால் பூ கழன்று விழும். முழுசாக முக்கிவிட்டால் விழாது. முதல் பத்து எனக்கு எப்போதும் விழாது. அந்தப் பத்தும் என் பங்கு என்று வீட்டில் சட்டம்.

அரசி அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, நான் போறது உங்களுக்குப் பிடிக்கலியா?"

"யார் சொன்னா?"

"மாமா சொன்னாரு. பிளக்ஸ் வேணாம்னீங்களாம். லெட்டர் இன்னும் டிவி மேலதான் இருக்கு."

"பிளக்ஸ் வேற, லெட்டர் வேற."

"அப்ப லெட்டர்ல என்ன?"

அச்சு முறுக்கு கருகியது. "பாரு, உன்னால கருகிப்போச்சு" என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மாலையில் கொல்லையில் பிலோமினா பிடித்துக்கொண்டாள். "இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. தொங்கல்ல விடாதீங்க. அது மூணு வாரமா சிரிச்ச மொகமா தச்சுக்கிட்டு இருக்குது. உள்ள எப்படி இருக்கும்?"

"இஷ்டமில்லாம இல்ல."

"பின்ன?"

எனக்கே தெரியாததை அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியும். ஆனாலும் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 24, புதன்

குடில் எழுந்துவிட்டது. கேழ்வரகுப் புல் முழங்கால் உயரம், அதாவது குடில் பொம்மை ஆட்டுக்குட்டியின் முழங்கால். அடியில் புது விரிப்பு. கிளிப்பச்சையும் நீலமும் மாறி மாறி. கடையில் வாங்கிய மாதிரி இருக்கிறது என்று ராஜி அக்கா சொன்னார். லாரி சீட் மாதிரி இருக்கிறது என்று அவர் கணவர் சொன்னார். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ். பூசை, பிரியாணி, தட்டு கொடுத்தல், தட்டு வாங்கல். முப்பத்தொன்பது வீட்டுக்கு நானே நடந்தேன். பாதி வீட்டில், "புள்ளையக் கோயிலுக்குக் குடுக்கப் போறீங்களாமே, பாக்கியம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி, "போனா அப்படியே நெலச்சு நிக்கணும், வேண்டிக்கிறேன்" என்றார். நல்ல மனுஷி. அந்தத் தெருவை வேகமாக முடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சிஸ்டர் கிளாரட் போன் செய்தார். கடிதம் வரவில்லையே என்று. "போஸ்ட் பண்ணிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டேன். கிறிஸ்மஸ் முடிந்து மூன்றாம் நாள்.

டிசம்பர் 31, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலையில் கடைசி விரிப்பு மெஷினில் இருந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்குச் சாப்பாட்டு மேசையில் போடுவது. சிவப்பும் கத்தரிப்பூ நிறமும். நான் ஓட்ட, அவள் எதிரில் நின்று துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குப்பா. ரொம்ப இருக்கு."

"பின்ன?"

"பயம் போனப்புறம்தான் போகணும்னா எங்கதான் போக முடியும்? போய்ப் பாக்குறேன்ப்பா. என்னைய யாரும் போகச் சொல்லல. நானாத்தான் கேட்டேன்."

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள், ஊசிக்கடியில் துணியைச் சரிசெய்தபடி. 'போய்ப் பாக்குறேன்' என்ற வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. பதினாறு வயதில் என்னை யாரும் கேட்கவில்லை. 'மூணு பையன்ல ஒருத்தன் சாமிக்கு' என்று அப்பா கோயிலில் நேர்ந்துகொண்டார். நடுப்பையன் நான்.

மெஷினிலிருந்து எழுந்தேன். லுங்கி சுதந்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எழுந்தேன். டிவி மேலிருந்து காகிதத்தை எடுத்து, தந்தைக்கு நேரே 'ம. இன்னாசிமுத்து' என்று எழுதினேன். பேனா நன்றாகவே எழுதியது.

அரசி காகிதத்தை வாங்கி ஊதி ஊதிக் காயவைத்தாள். "பால்பாயிண்ட் பேனாம்மா அது" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஸ்பீடு போஸ்டில் நானே அனுப்பினேன்.

ஜனவரி 2, வெள்ளி

டைரி தீர்ந்துபோனது. முன்பக்கத்து ஜனவரி காலியாகத்தானே கிடக்கிறது, அதிலேயே எழுதுகிறேன். அச்சடித்த கிழமை மட்டும் தப்பு.

நேற்று பூசை முடிந்து வரும்போது தெருமுக்கில் பிளக்ஸ் நின்றது. வேண்டாம் என்று சொன்னதை மச்சான் என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இருபதடி. நடுவில் அரசி, தலையில் ஒளிவட்டம் வேறு. 'இறைவனின் அழைப்பை ஏற்றுச் செல்லும் எங்கள் குலவிளக்கே, சென்று வா, வென்று வா.' ஓரத்தில் ரேஷன் கார்டு போட்டோவில் நான்.

இன்று காலை எட்டு மணிக்கு ஷெட் கத்தியையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்துவிட்டேன். பால்காரர் பார்த்தார், ராஜி அக்கா பார்த்தார், தெருவே பார்த்தது. பத்து நிமிஷத்தில் மச்சான் வந்தார்.

"என்னய்யா, பைத்தியம் புடிச்சிருச்சா? நல்ல காரியத்துல கத்திய எடுக்குற?"

"நான் வேணாம்னு சொன்னேன் மச்சான்."

"ஏன்னு சொல்லு! புள்ள கோயிலுக்குப் போறது ஒனக்கு வெக்கமா இருக்கா? வாயத் தொறந்து சொல்லுய்யா!"

பிளக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டேன். "பொறாமை. தன்னால முடியலைல்ல" என்று அவர் சொன்னது பின்னால் கேட்டது. வீட்டு வாசலில் அரசி நின்றிருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். உள்ளே போனாள். பிலோமினா சாப்பாடு மட்டும் வைத்தாள்.

சரி. இந்தப் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை.

எனக்கு வந்தது டைபாய்டு இல்லை. ஒன்றுமே வரவில்லை. நான் ஓடி வந்தேன்.

போகும்போது எங்கள் ஊரில் வாழைமரம் கட்டினார்கள். அப்போது பிளக்ஸ் கிடையாது, என் பெயரைத் துணியில் எழுதித் தெருவுக்குக் குறுக்கே கட்டினார்கள். மேளம் வைத்து பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டார்கள். கழுத்தில் ஆறு மாலை. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நமக்கில்லை என்று. அந்த ஆறு மாலைக்காக மீதி முப்பத்தொன்பது நாள் இருந்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் பெட்டியோடு பஸ் ஏறினேன். நண்பகல் பன்னிரண்டுக்கு எங்கள் ஊர் வந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, இருட்டும் வரை வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம். அதன்பிறகு வயல் வழியாக வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தேன். தெருவில் அந்தத் துணி இன்னும் கட்டித்தான் இருந்தது. மழையில் என் பெயர் பாதி அழிந்திருந்தது.

அம்மாதான் டைபாய்டு என்று சொல்லிவைத்தார். அப்பா என்னோடு பேச ஒன்றரை வருஷம் ஆனது. பகலில் நான் தெருவில் இறங்கவே மாட்டேன். 'லீவா தம்பி?' என்று யாராவது கேட்பார்களே. அதற்குப் பயந்துதான் திருச்சிக்கு வந்து ஒரு லாரி சீட் ஷெட்டில் சேர்ந்தேன்.

பிலோமினாவுக்கே தெரியாது. இருபத்தைந்து வருஷமாக எனக்குக் காய்ச்சல் வந்தால், 'ஏற்கெனவே டைபாய்டு வந்த ஒடம்பு' என்று இரண்டு நாள் கூடுதலாகக் கஞ்சி தருகிறாள்.

ஜனவரி 4, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். பேண்டு இல்லை. தெருக்காரர்கள் வந்து ஜெபமாலை சொல்லி டீ குடித்தார்கள். மச்சான் வந்தார், என்னைப் பார்க்காமல் வடை மட்டும் சாப்பிட்டார். மைக் இல்லாமல் அவர் ஜெபம் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். நன்றாகத்தான் சொன்னார்.

குடிலைப் பிரித்தோம். பிறகு அரசி விரிப்புகளை எல்லாம் அம்மாவிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொன்றிலும் மாதப் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. கடைசியில் சீட்டு இல்லாத ஒன்று. சின்னது, தலையணை அளவு.

"இது எந்தப் பண்டிகைக்கு?" என்றாள் பிலோமினா.

"பண்டிகைக்கு இல்ல. அப்பா மெஷின்ல ஒக்கார்ற ஸ்டூலுக்கு. இரும்பு குத்துதுன்னு சொல்லிட்டே இருப்பாருல்ல."

டைமண்ட் தையல் போட்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் கையாலேயே. கோணல் மாணலாக இருந்தது. ஷெட்டில் எந்தப் பையன் இப்படித் தைத்திருந்தாலும் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 5, திங்கள்

சேலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பிலோமினா வந்ததும் படுத்துவிட்டாள்.

மடம் நன்றாக இருக்கிறது. பெரிய மாமரம். சமையலறையில் எட்டிப் பார்த்தேன், பருப்பில் உப்பு போடுகிறார்கள். சிஸ்டர் கிளாரட் வந்ததும் முதல் ஆளாக எழுந்து நின்றேன். "இன்னிக்கு நல்லா எந்திரிக்கிறீங்களே" என்றார். அரசி அந்தக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

பார்வையாளர் அறையில் பிலோமினா மற்ற அம்மாக்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அரசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. சிக்னல் விளக்கு அணைந்த மாதிரி.

"இப்பவாச்சும் சொல்லுங்கப்பா. பிளக்ஸை ஏன் அறுத்தீங்க?"

"உன் பக்கத்துல என் போட்டோவப் பாத்தியா? திருடன் மாதிரி இருந்தான்."

"மாமா உங்கள என்னென்னமோ சொன்னாரு. நீங்க பதிலே பேசல."

"உங்க மாமாகிட்ட பேசி யார் ஜெயிச்சா?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, சொல்ல வேணாம்" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். மணி அடித்தது. எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பி நின்றாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்தவள் போல.

"நல்லா சாப்புடு" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. அந்த இடத்தில் அதைச் சொன்னால் அவளை நம்பாத மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வரணும்னு தோணுச்சுன்னா வாம்மா. பட்டப்பகல்ல வா. நம்ம ஸ்டாப்புலயே எறங்கி, நம்ம தெரு வழியாவே நடந்து வா.